லிங்க் டேபிளுக்குப் பின்னால் எந்த ஃபைல்? ஆக்சஸில் தடம் பிடிக்கும் வழிகள்

யாரோ எழுதிவிட்டுப் போன பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வருகிறது. திறந்தால் நாற்பது டேபிள், பத்து வருடத்து பில்கள். ஆனால் ஃபைலின் அளவு வெறும் 6 எம்பி. டேபிள் பெயர்களுக்கு முன்னால் சின்ன அம்புக்குறி இருந்தால் காரணம் அதுதான்: அவை லிங்க் டேபிள்கள். தரவு வேறு எங்கோ, பேக்-எண்ட் எனப்படும் மூலத்தில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஃபார்ம்கள், ரிப்போர்ட்டுகள், சில முகவரிகள் கொண்ட ஃப்ரண்ட்-எண்ட் மட்டும்.

பேக்-எண்ட் எங்கே என்று தெரியாமல் காலம் தள்ளும் அலுவலகங்கள் உண்டு. தினமும் பேக்கப் எடுப்பார்கள், எடுப்பது ஃப்ரண்ட்-எண்டை. மாதம் ஒருமுறை காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுவார்கள். அதுவும் ஃப்ரண்ட்-எண்டை மட்டுமே சுருக்கும். அங்கே பேக்-எண்ட் சத்தமில்லாமல் வளர்ந்து 2 ஜிபி எல்லையைத் தொடும்போதுதான் அந்த ஃபைல் எங்கே என்ற தேடலே தொடங்கும்.

தேடப் போகும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பேக்-எண்டின் முகவரியை ஆக்சஸ் ஒரே இடத்தில் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு லிங்க் டேபிளும் தன் முகவரியைத் தனியாக வைத்திருக்கிறது. முப்பத்தெட்டு டேபிள் ஒரு ஃபைலுக்கும், மீதி இரண்டு 2016இல் யாரோ எடுத்த நகலுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு டேபிளை மட்டும் பார்த்துவிட்டு மற்றவையும் அங்கேதான் என்று முடிவு கட்டினால், அந்த இரண்டு டேபிள் கடைசிவரை அகப்படாது.

(ஆக்சஸின் பட்டன், மெனு, பெயர்கள் இங்கே ஒலிப்பு மாறாமல் தமிழில் தரப்பட்டுள்ளன. திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். தட்டச்சு செய்வதையும் ஆங்கிலத்திலேயே செய்ய வேண்டும்.)

எந்த ஃப்ரண்ட்-எண்ட் ஓடுகிறது?

டெஸ்க்டாப்பில் இருப்பது பெரும்பாலும் ஷார்ட்கட். சில இடங்களில் ஷார்ட்கட் ஒரு பேட்ச் ஃபைலை ஓட்டும். அது சர்வரிலிருந்து புதிய ஃப்ரண்ட்-எண்டை உள்ளூர் ஃபோல்டருக்கு நகலெடுத்துத் திறக்கும். எனவே பயனர் வழக்கமாகத் திறக்கும் வழியிலேயே திறந்து, ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்துக்குப் போங்கள். ஃபைல் பெயருக்குக் கீழே அது இருக்கும் ஃபோல்டர் தெரியும். நீங்கள் சோதிக்க வேண்டியது அந்த ஃபைலை. சர்வரில் "புதியது_இறுதி_2" என்ற பெயரில் கிடப்பதை அல்ல.

அதை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள். ஆனால் நகல் என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். லிங்க்கில் முழு முகவரி இருப்பதால் நகலும் அதே உண்மையான தரவையே தொடும். நகலில் ஒரு லிங்க் டேபிளை டிலீட் செய்தால் போவது லிங்க் மட்டும். அதே டேபிளைத் திறந்து ஒரு வரியை டிலீட் செய்தால் போவது நிஜமான வரி.

ஃபைலைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், தொடக்க ஃபார்மும், திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவும் ஓடாது. இடப்பக்கப் பட்டியல் மறைந்திருந்தால் எஃப்11 அழுத்துங்கள். ஃபைலின் நீட்டிப்பு ஏசிசிடிஆர் என்றிருந்தால் அது டிசைன் வசதிகளை மறைக்கும் வெறும் ரன்டைம் வேடம். நகலின் நீட்டிப்பை ஏசிசிடிபி என்று மாற்றினால் முழு ஆக்சஸாகத் திறக்கும். ஏசிசிடிஇ ஆக இருந்தால் விபிஏ கோடை (ஆக்சஸுக்குள் எழுதிய ப்ரோகிராமை) பார்க்க முடியாது, டேபிள்களையும் லிங்க்குகளையும் பார்க்கத் தடையில்லை.

ஷிஃப்ட் விசையையும் முடக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அப்போது புதிதாக ஒரு வெற்று டேட்டாபேஸ் உருவாக்கி, எக்ஸ்டர்னல் டேட்டா தாவலில் ஆக்சஸ் ஃபைலிலிருந்து இம்போர்ட் என்பதைத் தேர்ந்து, அந்த ஃப்ரண்ட்-எண்டைக் காட்டுங்கள். டேபிள் பட்டியலில் லிங்க் டேபிள்களும் வரும். அவற்றை இம்போர்ட் செய்தால் தரவு வராது, லிங்க் லிங்க்காகவே வந்து சேரும். முகவரி அறிய அதுவே போதும்.

சுட்டியை வைத்துப் பார்ப்பது

அம்புக்குறிக்குப் பக்கத்தில் உள்ள படம் முதல் துப்பைத் தரும். சாதாரண டேபிள் படம் என்றால் இன்னொரு ஆக்சஸ் ஃபைல். எக்செல் அடையாளம் என்றால் எக்செல். உருண்டையான பூகோளம் என்றால் ஓடிபிசி (வேறு டேட்டாபேஸ்களோடு இணைக்கும் பொது வழி) வழியாக எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் போன்ற ஒன்று. டேபிள் பெயர்மேல் சுட்டியை ஒரு நொடி நிறுத்தினால் முகவரி மிதந்து வரும். ஒன்றிரண்டு டேபிளுக்கு இது போதும்.

எக்ஸ்டர்னல் டேட்டா தாவலில் உள்ள லிங்க்டு டேபிள் மேனேஜர் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் காட்டும். 2016 வரையான பதிப்புகளில் டேபிள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முகவரி இருக்கும். 2019 பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் 365இலும் மூலம் மேலே, அதன் கீழே டேபிள்கள் என்று மரம்போல் விரியும். பட்டியலை எக்செலுக்கு அனுப்பவும் பட்டன் உண்டு. இந்தக் கட்டத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகவரியை மாற்றும் ரீலிங்க் பட்டனுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

டேபிளை டிசைன் வியூவில் திறந்து எஃப்4 அழுத்தினால், ப்ராப்பர்ட்டி ஷீட்டின் டிஸ்கிரிப்ஷன் வரியிலும் முகவரி தெரியும். மிகப் பழைய பதிப்புகளில் கைகொடுக்கும் வழி இது. ஆனால் டிசைன் வியூ பேக்-எண்டைத் தொட்டுப் பார்க்கும். பேக்-எண்ட் தொலைந்துபோனதால்தான் தேடுகிறீர்கள் என்றால், முகவரிக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும்.

முழுப் பட்டியல்: எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ்

நம்பகமான வழி இதுதான். ஒவ்வொரு ஆக்சஸ் ஃபைலிலும் எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ் என்றொரு சிஸ்டம் டேபிள் மறைந்திருக்கிறது. ஃபைலில் உள்ள ஒவ்வொரு டேபிளுக்கும் குவெரிக்கும் ஃபார்முக்கும் அதில் ஒரு வரி உண்டு. லிங்க்கின் முகவரி எழுதப்பட்டிருப்பது இங்கேதான். எழுதியிருப்பதை மட்டும் படிப்பதால் சர்வர் செத்திருந்தாலும் உடனே பதில் கிடைக்கும்.

இடப்பக்கப் பட்டியலின் தலைப்பில் வலது கிளிக் செய்து நேவிகேஷன் ஆப்ஷன்ஸ் போய், ஷோ சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸ், ஷோ ஹிடன் ஆப்ஜெக்ட்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், மறைத்து வைத்த லிங்க் டேபிள்கள் அதனால்தான் கண்ணில் படும்.

பிறகு கிரியேட் தாவலில் குவெரி டிசைன். எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸைச் சேர்த்து, நேம், டைப், டேட்டாபேஸ், கனெக்ட், ஃபாரின்நேம் ஆகிய ஐந்து பத்திகளைக் கீழே இழுங்கள். டைப் பத்தியின் கிரைட்டீரியா வரியில் 4, அதற்குக் கீழ் வரியில் 6. குவெரியை ஓட்டினால் லிங்க் டேபிள்கள் மட்டும் வரிசையாக வரும். 4 என்பது ஓடிபிசி லிங்க். 6 என்பது ஆக்சஸ், எக்செல், டெக்ஸ்ட் போன்ற மற்ற லிங்க்குகள். ஃபைலுக்குள்ளேயே இருக்கும் டேபிளின் எண் 1, குவெரியின் எண் 5. அவை இங்கே வேண்டாம். அலை அடையாளத்தில் தொடங்கும் பெயர்கள் அழித்தவற்றின் மிச்சம், அவற்றை விட்டுவிடலாம். சிஸ்டம் டேபிளில் எதையும் திருத்திப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

நேம் என்பது இந்த ஃபைலில் டேபிளுக்கு இருக்கும் பெயர். ஃபாரின்நேம் என்பது மூலத்தில் அதற்கு உள்ள பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "வாடிக்கையாளர்" என்று இங்கே தெரிவது பேக்-எண்டில் "வாடிக்கையாளர்_பழையது" ஆக இருந்தால், ஃபைலைச் சரியாகப் பிடித்தும் டேபிளைத் தவறவிடுவீர்கள். எஸ்கியூஎல் சர்வர் டேபிள்கள் இங்கே டிபிஓ என்ற முன்னொட்டும் அடிக்கோடுமாக வருவதற்குக் காரணம் உண்டு: அங்கே நடுவில் இருப்பது புள்ளி, ஆக்சஸ் டேபிள் பெயரில் புள்ளி வரக்கூடாது.

டேட்டாபேஸ் பத்தியைப் படிக்கும் முறை மூலத்தைப் பொறுத்தது. ஆக்சஸ் பேக்-எண்ட் என்றால் ஃபைலின் முழுப் பாதை இருக்கும்; கனெக்ட் பெரும்பாலும் காலி. எக்செல் என்றால் வொர்க்புக்கின் பாதை இங்கே, ஷீட்டின் பெயர் ஃபாரின்நேமில். கடைசியில் டாலர் குறி இருந்தால் முழு ஷீட், இல்லையென்றால் பெயரிட்ட பகுதி. சிஎஸ்வி போன்ற டெக்ஸ்ட் ஃபைல் என்றால் இங்கே ஃபோல்டர் மட்டும் இருக்கும், ஃபைல் பெயரை ஃபாரின்நேமில் பாருங்கள். ஓடிபிசி என்றால் இந்தப் பத்தியை நம்பாமல் கனெக்டைப் படியுங்கள்.

இனி அதே குவெரியின் நகலில் டோட்டல்ஸ் பட்டனை அழுத்தி, டேட்டாபேஸையும் கனெக்டையும் குரூப் பை ஆகவும், நேமை கவுண்ட் ஆகவும், டைப்பை வேர் ஆகவும் வையுங்கள். ஃபாரின்நேமை நீக்கிவிடுங்கள். எந்த முகவரிக்கு எத்தனை டேபிள் என்று சில வரிகளில் வந்துவிடும். பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் 1, 2 என்று சிறிய எண்கள் நின்றால் அங்கேதான் கவனம் தேவை. வழிதவறிய லிங்க் அதில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பேக்-எண்டுக்கு பாஸ்வேர்ட் வைத்திருந்தால், லிங்க்கின் கனெக்ட் சரத்தில் அது அப்படியே படிக்கும்படி இருக்கும். பட்டியலை எக்செலில் எடுத்து மெயிலில் அனுப்பும் முன் அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரே ஒரு டேபிளுக்கு இவ்வளவு எதற்கு என்றால், கண்ட்ரோல்+ஜி அழுத்தி இமீடியட் ஜன்னலில் கேள்விக்குறி போட்டு, கரண்ட்டிபியின் டேபிள்டெஃப்ஸில் அந்த டேபிளின் கனெக்ட் பண்பைக் கேட்கலாம். பதில் அரைப்புள்ளியில் தொடங்கி, டேட்டாபேஸ் என்ற சொல், சமக்குறி, பாதை என்று வந்தால் மூலம் ஆக்சஸ் ஃபைல். சோர்ஸ்டேபிள்நேம் பண்பைக் கேட்டால் மூலத்துப் பெயர் வரும். ஆக்சஸின் முதல் பதிப்புகளில் லிங்க் என்ற சொல் இல்லை, அட்டாச் என்றுதான் சொல்வார்கள். கோடில் இந்த வகை டேபிள்களைக் குறிக்கும் மாறிலிகள் இன்றும் அட்டாச்டு என்ற பெயரோடுதான் இருக்கின்றன. பழைய கோடில் அந்தச் சொல்லைத் தேடினால் லிங்க்கை மாற்றும் பகுதி அகப்படும்.

கிடைத்த முகவரி உண்மையில் எங்கே போகிறது?

இசட் டிரைவ், கணக்கு ஃபோல்டர் என்று பாதை கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்கத் தோன்றும். டிரைவ் எழுத்து அந்தந்தக் கணினியில் அந்தந்தப் பயனருக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் இசட் ஒரு சர்வரையும் பக்கத்து மேசையின் இசட் இன்னொரு சர்வரையும் காட்டலாம். ஒரே ஃப்ரண்ட்-எண்டை இருவரும் திறந்து வெவ்வேறு தொகையைப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். பிரச்சினை உள்ள கணினியிலேயே, அந்தப் பயனரின் லாகினிலேயே, கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து நெட் யூஸ் என்ற கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு எழுத்தும் எந்த சர்வரின் எந்த ஷேர் என்று வரும்.

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காதீர்கள். அப்படி உயர்த்திய நிலையில் சாதாரண லாகினில் இணைத்த டிரைவ்கள் பொதுவாகத் தெரியாது. ஆக்சஸையே ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்தால் லிங்க்குகள் எல்லாம் அறுந்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

ஓடிபிசி லிங்க்கில் இரண்டு வகை. கனெக்ட் சரத்தில் சர்வர், டேட்டாபேஸ் இரண்டும் பெயரோடு இருந்தால் முகவரி முழுதாகக் கையில் இருக்கிறது. சர்வர் பெயருக்குப் பின் பின்சாய்வுக் கோடு போட்டு வருவது இன்ஸ்டன்ஸின் பெயர், காற்புள்ளி போட்டு வரும் எண் போர்ட். சர்வர் இல்லாமல் டிஎஸ்என் (பெயரிட்டுச் சேமித்த இணைப்பு விவரம்) என்ற சொல்லும் ஒரு பெயரும் மட்டும் இருந்தால் உண்மையான முகவரி விண்டோஸில் இருக்கிறது. ஓடிபிசி டேட்டா சோர்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டரைத் திறந்து யூசர் டிஎஸ்என், சிஸ்டம் டிஎஸ்என் தாவல்களில் அந்தப் பெயரைத் தேடி, கான்ஃபிகர் அழுத்தினால் சர்வர் தெரியும்.

பெயர் பட்டியலிலேயே இல்லையா? தவறான அட்மினிஸ்ட்ரேட்டரைத் திறந்திருக்கலாம். 64-பிட் விண்டோஸில் இரண்டு உண்டு, 32-பிட்டுக்கு ஒன்று, 64-பிட்டுக்கு ஒன்று. விண்டோஸை விட உங்கள் ஆக்சஸ் எத்தனை பிட் என்பதே இங்கே முக்கியம். ஃபைல் மெனு, அக்கவுண்ட், அபவுட் ஆக்சஸில் அது தெரியும். இதில் ஒரு வேடிக்கை, 64-பிட் ப்ரோகிராம் சிஸ்டம்32 ஃபோல்டரிலும், 32-பிட் ப்ரோகிராம் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் இருக்கும். இரண்டின் ஃபைல் பெயரும் ஒன்றே. பெயரைப் பார்த்துத் திறந்தால் நேர் எதிரானதில் போய் நிற்பீர்கள்.

டிஎஸ்என்னும் டிரைவ் எழுத்தைப் போலத்தான்: ஒரே பெயர், இரண்டு கணினி, இரண்டு சர்வர் என்று அமைந்திருக்கலாம். ஃபைல் டிஎஸ்என் வழியாக லிங்க் செய்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. லிங்க் செய்யும்போதே ஆக்சஸ் அதன் உள்ளடக்கத்தை டேபிளுக்குள் எழுதிக்கொள்ளும், அதன்பின் அந்த ஃபைல் தேவையில்லை.

ஆக்சஸ் பேக்-எண்ட் என்றால் தடம் ஒரே எட்டில் முடியும், ஏனென்றால் லிங்க் டேபிளுக்கே இன்னொரு லிங்க் போட ஆக்சஸ் விடாது. எஸ்கியூஎல் சர்வரில் அந்த உறுதி கிடையாது. அங்கே நீங்கள் லிங்க் செய்திருப்பது ஒரு வியூவாக (டேபிள்போல் தோன்றும், சர்வரில் சேமித்த குவெரியாக) இருந்தால், அது வேறொரு டேட்டாபேஸிலிருந்து தரவை எடுத்துக்கொண்டிருக்கலாம். மீதித் தேடலை அந்த சர்வருக்குள் தொடர வேண்டியதுதான்.

பட்டியலில் வராதவை

லிங்க் டேபிளே இல்லாமல் வெளி ஃபைலைத் தொடும் வழிகள் சில உண்டு. லிங்க்டு டேபிள் மேனேஜர் அவற்றைக் காட்டாது. பேக்-எண்டை இடம் மாற்றிய மறுநாள் ஒரே ஒரு ரிப்போர்ட் மட்டும் பழைய கணக்கைக் காட்டினால் இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

குவெரியை டிசைன் வியூவில் திறந்து, மேலே காலி இடத்தில் கிளிக் செய்து எஃப்4 அழுத்துங்கள். சோர்ஸ் டேட்டாபேஸ், சோர்ஸ் கனெக்ட் ஸ்டிரிங் வரிகளில் பாதை எழுதப்பட்டிருக்கலாம். எஸ்கியூஎல் வியூவில் அதுவே இன் என்ற சொல்லுக்குப் பின் மேற்கோளில் வரும். மேக்-டேபிள், அப்பெண்ட் குவெரிகளில் டெஸ்டினேஷன் டிபி வரியையும் பாருங்கள். தரவு எங்கே எழுதப்படுகிறது என்பது அங்கே இருக்கும். சர்வருக்கு நேரடியாக அனுப்பப்படும் பாஸ்-த்ரூ குவெரிகள் ஒவ்வொன்றுக்கும் ஓடிபிசி கனெக்ட் ஸ்டிரிங் தனியாக உண்டு.

மிச்சம் விபிஏ கோடு. எடிட்டரில் கண்ட்ரோல்+எஃப், தேடும் எல்லை கரண்ட் ப்ராஜெக்ட். ஏசிசிடிபி, எம்டிபி, ப்ரொவைடர், ரெஃப்ரெஷ்லிங்க் ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ரெஃப்ரெஷ்லிங்க் அகப்பட்டால் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஃப்ரண்ட்-எண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் கோடு லிங்க்கை மாற்றி எழுதுகிறது என்றால், ஷிஃப்ட் பிடித்துத் திறந்து நீங்கள் பார்த்தது கடைசியாக எழுதிய முகவரி. பயனரின் கணினியில் இன்று எழுதப்படுவது வேறாக இருக்கலாம்.

இதுதான் அந்த ஃபைல் என்று உறுதி செய்ய

ஃப்ரண்ட்-எண்டில் ஒரு லிங்க் டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்டுபிடித்த ஃபோல்டரைப் பாருங்கள். பேக்-எண்டின் பெயரிலேயே, எல்ஏசிசிடிபி நீட்டிப்போடு ஒரு சின்ன லாக் ஃபைல் தோன்றியிருக்க வேண்டும். பேக்-எண்ட் எம்டிபி என்றால் நீட்டிப்பு எல்டிபி. எல்லாரும் வெளியேறியதும் அது மறையும். ஏற்கெனவே பலர் உள்ளே இருந்தால் அது யாருடையது என்று பிரித்துச் சொல்வது கடினம், எனவே அலுவலகம் முடிந்த பிறகு பாருங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமானால், யாரும் இல்லாத நேரத்தில் பேக்-எண்டின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு லிங்க் டேபிளைத் திறந்து பாருங்கள். ஃபைல் கிடைக்கவில்லை என்று 3024 வந்தால் சந்தேகம் தீர்ந்தது. பெயரை உடனே திருப்பி வையுங்கள். ஃபைலின் திருத்தத் தேதியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்; டேபிளில் கடைசியாக ஏறிய பில்லின் தேதி அதைவிட நல்ல சாட்சி.

பிழை எண்களும் வழி சொல்லும். 3044 என்றால் பாதையே தவறு, அதாவது ஃபோல்டரோ டிரைவோ இல்லை. 3024 என்றால் ஃபைல் இல்லை. 3011 அல்லது 3078 வந்தால் ஃபைல் கிடைத்தும் அதற்குள் அந்த டேபிளைக் காணோம். 3051 வந்தால் ஃபைலை வேறொருவர் எக்ஸ்க்ளூசிவாக (மற்றவர் நுழைய முடியாதபடி) திறந்திருக்கிறார், அல்லது உங்களுக்கு அனுமதி போதவில்லை. ஃபைலுக்கு மட்டுமல்ல, லாக் ஃபைலை உருவாக்க வேண்டியிருப்பதால் ஃபோல்டருக்கும் எழுதும் அனுமதி வேண்டும். 3151 என்றால் ஓடிபிசி இணைப்பு அமையவில்லை.

லிங்க்கைச் சரிசெய்யும்போது

வழிதவறிய டேபிள் கிடைத்ததும் ரீலிங்க் செய்யக் கை துறுதுறுக்கும். முதலில் அந்தத் தவறான ஃபைலில் இத்தனை நாள் ஏறிய தரவு என்ன ஆவது என்று பாருங்கள். இரண்டு ஃபைலிலும் அந்த டேபிளின் வரி எண்ணிக்கையையும் கடைசித் தேதியையும் ஒப்பிடுங்கள். தவறான இடத்தில் மட்டும் இருக்கும் வரிகளைச் சரியான பேக்-எண்டுக்கு மாற்றிய பிறகே லிங்க்கை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பயனர்களின் பார்வையில் அந்த வரிகள் ஒரே நாளில் காணாமல் போகும்.

புதிய மேனேஜரில் ரெஃப்ரெஷ் என்பது இருக்கும் முகவரியையே மீண்டும் சரிபார்ப்பது. முகவரியை மாற்ற ரீலிங்க். பழைய மேனேஜரில் டேபிள்களை டிக் செய்து, கீழே புதிய இடத்தை எப்போதும் கேட்கும்படி சொல்லும் கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். அதை விட்டால் பழைய முகவரி செல்லுபடியாகும்வரை ஆக்சஸ் புதியதைக் கேட்காது. பழைய நகல் இன்னும் அங்கேயே இருப்பதால் "வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்லிவிட்டு அதே தவறான ஃபைலில் நிற்கும்.

பேக்-எண்டைத் தேர்வு செய்யும் ஜன்னலில் டிரைவ் எழுத்து வழியாகப் போகாமல், மேலே முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு, சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று யூஎன்சி முறையில் அடித்துப் போங்கள். அப்போது லிங்க்கில் எழுதப்படுவதும் அந்த முகவரியாக இருக்கும், எந்தக் கணினியிலும் பொருள் மாறாது. பேக்-எண்ட் ஒன்டிரைவ் போன்ற சிங்க் ஃபோல்டரில் இருப்பது தெரியவந்தால் அதை முதலில் சாதாரண நெட்வொர்க் ஷேருக்கு மாற்றுங்கள். அங்கே ஒவ்வொரு கணினியிலும் ஒரு நகல் இருக்கும். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் முரண்பட்ட இரண்டு ஃபைல்கள் உருவாகும்.

எல்லாம் மாற்றிய பின் டோட்டல்ஸ் குவெரியை மீண்டும் ஓட்டுங்கள். வர வேண்டிய முகவரிகள் மட்டும், வர வேண்டிய எண்ணிக்கையோடு வந்தால் பழைய பேக்-எண்டின் பெயரை மாற்றி வையுங்கள். டிலீட் வேண்டாம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஏதாவது குவெரி அதைத் தேடி வரக்கூடும்.